நாக்கடியில் சிவப்பு மாத்திரை

அம்மாவின் தம்பி, என் மாமா, வித்தைக்காரர். காதுக்குப் பின்னாலிருந்து பட்டாணி எடுப்பார். சென்னை பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டு எங்களோடு இருந்தவருக்குக் காசநோய் வந்தபோது, அவர் மாத்திரை விழுங்குவதைப் பார்த்து காலண்டரில் டிக் போடும் உத்தியோகத்தை அம்மா எனக்குக் கொடுத்தாள். ஒன்பது வயதில் கலெக்டர் ஆன மிதப்பு எனக்கு.

மாத்திரை கொண்டுவரும் நர்சக்கா ஒரு விஷயம் சொன்னார். கிருமியைப் பிடித்து விழுங்கும் செல்கள் நம் உடம்பிலேயே உண்டாம். இந்தக் கிருமி மட்டும் அவற்றின் வயிற்றுக்குள்ளேயே செரிக்காமல் குடித்தனம் நடத்துமாம். அதனால்தான் ஆறு மாதம் விடாமல் மாத்திரை. விழுங்கியது எப்படிச் சாகாமல் இருக்கும் என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டுத் துளைத்தேன். "கில்லாடிதான் அது," என்றார் மாமா.

மூன்றாம் மாதம், ஒரு காலையில் குழாயடியில் அவரைப் பிடித்துவிட்டேன். வெள்ளை மாத்திரைகளை விழுங்கிவிட்டு, நாக்கடியில் ஒதுக்கியிருந்த சிவப்பை மட்டும் துப்பிக்கொண்டிருந்தார்.

"இருமலே பூடுச்சு கண்ணு. இத்த போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவுது. நாலு ஊட்டுக்கும் ஒரே கக்கூசு. யாராச்சும் பாத்து நோவு தெரிஞ்சிட்டா ஊட்டுக்காரன் காலி பண்ண சொல்லிடுவான். அம்மாகிட்ட சொல்லாத, இந்த வித்தைய ஒனக்கு கத்துத் தரேன்."

எங்கள் மேனாம்பேட்டில் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது என்பது எனக்கே தெரியும். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது வீட்டுக்காக இல்லை, வித்தைக்காக. ஆரஞ்சு மிட்டாயை நாக்கடியில் வைத்துப் பழகினேன். தினமும் மாமா வாயைத் திறந்து காட்டுவார், நான் டிக் போடுவேன்.

மழைக்காலத்தில் இருமல் திரும்பியது, ரத்தத்தோடு. ஆஸ்பத்திரிக்குப் போன மாமா திரும்பவில்லை. வெகுநாள் அழுதேன்.

இப்போது எனக்கு ஓர் ஆய்வகத்தில் அந்தக் கிருமியின் மரபணுக்களோடுதான் வேலை. விழுங்கிய செல் தன்னைச் செரித்துவிடாமல் தடுக்க, சில மரபணுக்கள் கிருமிக்குத் துணை நிற்கின்றன. போன மாதம் அவற்றில் ஒன்றை நீக்கிப் பார்த்தோம். செல்லுக்குள் போன கிருமியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒன்பது வயதுக் கேள்விக்கு ஒரு நுனி கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவுக்கு போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டாள்: "நீதான் ஒரு நாள் விடாம டிக் போட்டியேம்மா, அப்புறமும் அது எப்படி உசுரோட இருந்துச்சு?"

மரபணுவைப் பற்றி மறுபடியும் விளக்கமாகச் சொன்னேன். மாமா துப்பியதையும், அது அவரைக் கொன்றுவிடும் என்று தெரியாமல் நான் டிக் போட்டதையும் இன்னும் சொல்லவில்லை.