கட்டாத வீட்டை நடத்தப் படித்த இரண்டு நாட்கள்

ஸ்காபரோவில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குத் தெரிவாகியிருக்கும் வாசகி ஒருவர் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தார்: "அன்ரி, டவுன்ரவுனில ரெண்டு நாள் பயிற்சியாம். கட்டாயம் போகோணுமோ? போனால் என்ன சொல்லித்தருவினம்?" நான்கு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத 1995 யூலை முன்னால் வந்து நின்றுவிட்டது. அதுதான் இந்தப் பதிவு நீண்டுபோன காரணம்.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தோம். மன்னாரிலிருந்து வந்து ஐந்து வருடம். பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் பதிந்திருந்தோம். கட்டடத்துக்கு முதலாளி கிடையாது. குடியிருப்பவர்களே அங்கத்தவர்கள், அவர்கள் தெரிவு செய்யும் குழுவே நிர்வாகம். மாகாண அரசு பணம் தர ஒப்புக்கொண்டிருந்தது. நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கம் காணியும் பார்த்தாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் கட்டத் தொடங்குவார்கள் என்றார்கள். அதற்கு முன் சங்கம் நடத்தப் பழக வேண்டும் என்று இரண்டு நாள் வகுப்பு ஒழுங்கு செய்தார்கள். குடும்பத்துக்கு ஒருவராகப் பத்துப் பேர் போனோம். எனக்கு ஆங்கிலம் ஓடும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வகுப்பு ஏரிக்கரையில், ஏற்கெனவே இயங்கிவந்த ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் பொது அறையில். கென்னடி வீதியில் பஸ் பிடித்து சப்வேக்கு வந்து, நடுவில் ஒரு ரயில் மாறி, யூனியன் நிலையத்தில் இறங்கி நடந்தோம். ஆளுக்கு இரண்டு டொலர். வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் ஒன்பது மணி வகுப்புக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். (இன்றைக்கும் ஏறத்தாழ இதே நேரம்தான், கட்டணத்தைத்தான் கேட்காதீர்கள்.)

முதல் அதிர்ச்சி வாசலிலேயே. ஒரு பெண்மணி நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை அறைக்குக் கூட்டிப்போய்க் கோப்பியும் ஊற்றித் தந்தார். பிறகு தெரிந்தது, அவர்தான் அந்தக் குடியிருப்பின் தலைவி; அன்று துப்புரவு செய்வது அவருடைய முறை. எங்கள் தலைவர் பூபாலன் அண்ணை கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடம் இருந்தவர் அவர். எங்களுக்கும் கூட்டுறவு என்றால் சங்கக்கடைதான்: கூப்பன், சீனி, மா, நீண்ட வரிசை. தலைவர் என்றால் உள்ளே கதிரையில் இருப்பவர்.

வகுப்பு எடுத்தவர் மார்கிரட். ஐம்பது வயதிருக்கும். நோவா ஸ்கோஷியா மீன்பிடிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டி, தடித்த பேனையால் எழுதி எழுதிப் படிப்பித்தார்.

அண்ணை முதல் கேள்வியைக் கேட்டார். "பிள்ளை, உவவைக் கேள். இந்த வீடுகளெல்லாம் கடைசியில ஆருக்குச் சொந்தம்?"

கேட்டேன். எல்லோருக்கும் சொந்தம், ஆனால் எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை. விற்கவும் முடியாது, குடியிருப்பவரைக் காரணமில்லாமல் யாரும் வீட்டைவிட்டு எழுப்பவும் முடியாது என்றார் மார்கிரட். நான் தமிழில் சொன்னேன். கொட்டிலிலிருந்து கல்வீடு வரை எத்தனையோ வீடுகளை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். யாரும் எங்களை எழுப்ப முடியாத வீடு என்ற ஒன்று இருப்பதை நம்ப எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்களில் தவமக்காதான் அதிகம் கேள்வி கேட்டார். அவருடைய கணவர் சிவம் கூரை வேலையில் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர்கள் இருந்தது ஒன்பதாவது மாடி. எலிவேட்டர் பழுதானால் டொக்டரிடம் போகவேண்டிய நாளிலும் வீட்டுக்குள்தான். புதிய கட்டடத்தின் நிலத்தளத்தில் அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தோம். குசினியில் சமைக்கும் மேடை எத்தனை அங்குல உயரம் என்பதுவரை தவமக்கா கட்டடக்கலைஞரிடம் பேசி முடித்திருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் குடியிருப்பின் அலுவலகத்திலிருந்து மார்கிரட்டுக்குத் தொலைபேசி வந்தது. போனவர் திரும்பி வர வெகுநேரமானது. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

மாகாணத்தில் புதிய அரசு வந்தது எங்களுக்குத் தெரியும். செலவைக் குறைப்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் மார்கிரட் சொன்னது வேறு. கட்டத் தொடங்காத கூட்டுறவு வீட்டுத் திட்டங்கள் எல்லாவற்றையும் அரசு நிறுத்திவிட்டது. உங்களுடையதும் அதில் ஒன்று.

நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்து, திரும்பச் சொல்லச் சொன்னேன். அதே சொற்களை, இன்னும் மெதுவாகச் சொன்னார். ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் அந்த அறையில் தமிழர்களில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வீடு இருக்கிறது என்று ஒரு மடத்தனமான நினைப்பு ஓடியது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அண்ணை. "ஏன் பேசாமல் நிக்கிறாய்?"

"நிப்பாட்டிப்போட்டினமாம், அண்ணை."

"எதை? வகுப்பையோ?"

"வீட்டை. எங்கட திட்டத்தை. இனிக் கட்டமாட்டினமாம்."

யாரோ கையிலிருந்த ரொட்டியைத் திரும்பப் பார்சலுக்குள் வைத்து மடித்தார்கள். தவமக்கா சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்: "கொழும்பில எங்கட வீட்டை எரிச்சதும் ஒரு யூலையிலதான். அதெண்டாலும் இருந்த வீடு."

அதை நான் மார்கிரட்டுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவருடைய கண்களும் சிவந்திருந்தன. வகுப்பு எடுக்கும் அவருடைய வேலைக்கும் இனி என்ன ஆகுமோ என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் தோன்றியது.

அறை ஐந்து மணிவரை உங்களுடையது, போக விரும்பினால் போகலாம் என்றார் மார்கிரட். சிலர் பைகளை எடுத்துவிட்டார்கள்.

"பின்னேரம் என்ன படிப்பிக்கிறதா இருந்தவ?" என்று தவமக்கா என்னிடம் கேட்டார்.

"பொதுக்கூட்டம் நடத்திறது. பிரேரணை, வாக்கெடுப்பு."

"அப்ப இருங்கோ. கூட்டம் வைப்பம். விளையாட்டுக்கில்லை, உண்மையா."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அண்ணை முதல் ஆளாகப் பேசினார்: "சங்கத்தை இண்டைக்கே கலைப்பம். இல்லாத வீட்டுக்கு என்ன சங்கம்? சனத்தை ஏமாத்திக்கொண்டிருக்க ஏலாது." அவருக்குக் கோபம் எங்கள்மேல் அல்ல. இத்தனை குடும்பங்களுக்கும் அவர்தான் உறுதி சொன்னவர்.

பிரேரணை கொண்டுவருபவர் தலைமை தாங்க முடியாது என்று மார்கிரட் நினைவூட்டினார். மொழிபெயர்ப்பவர் நடுநிலையாக இருக்கட்டும் என்று என்னைத் தலைமைக் கதிரையில் இருத்தினார்கள். தவமக்கா எதிர்த்துப் பேசினார். "கட்டிடம்தானே போச்சுது. பதிஞ்ச சங்கம் இருக்குது. பத்துக் குடும்பமா ஒரு கதவைத் தட்டினா ஒரு மாதிரி, நான் தனியத் தட்டினா வேறமாதிரி. ஒரு வருசம் பொறுங்கோ. வேற கூட்டுறவுகளில இடம் தேடுவம். இடம் எனக்குத்தான் எண்டில்லை, ஆருக்குக் கிடைச்சாலும் சரி."

வாக்கெடுத்தோம். கலைக்க வேண்டும் என்று எழுந்தவை இரண்டே கைகள்: அண்ணையுடையதும் அவருடைய மைத்துனருடையதும். முடிவை நான்தான் அறிவிக்க வேண்டும். அண்ணையின் பேச்சுக்கு எங்கள் மத்தியில் அதுவரை யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. "பிரேரணை தோற்றது" என்று முதலில் தமிழில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில். அறையைவிட்டு வெளியேறிவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்து, "அப்ப எந்தெந்தக் கூட்டுறவு எண்டு பிரிச்சு எடுங்கோ. நான் எங்க போகோணும்?" என்றார்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். வீட்டுக்குப் போக யாருக்கும் மனமில்லை. காணியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றார் ஒருவர். திரும்ப சப்வே, கென்னடியில் சின்ன ரயிலுக்கு மாற்றம், ஸ்காபரோ சென்ரரில் இருந்து பஸ். காலையில் எடுத்த டிரான்ஸ்பர் சீட்டு செல்லாது, மறுபடி இரண்டு டொலர். கோடை வெயில் இன்னும் இறங்கவில்லை. ரூஜ் பக்கம் அப்போது புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கடைசித் தரிப்பில் இறங்கிக் கால் மணித்தியாலம் நடந்தோம்.

இடுப்பளவு புல். மூலைகளில் செம்மஞ்சள் நாடா கட்டிய தடிகள். வீதியோரத்தில், கட்டடத்தின் வர்ணப் படத்தோடு எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை. விரைவில் குடிபுகலாம் என்று அதில் எழுதியிருந்தது. கம்பி வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. தவமக்கா உள்ளே போனார். வரைபடம் அவருக்கு மனப்பாடம். தடிகளுக்கு நடுவே நடந்து நடந்து ஓரிடத்தில் நின்று, "இதில குசினி" என்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. வெளியே காத்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த பனிக்காலம் முழுக்க இரண்டிரண்டு பேராகக் கூட்டுறவுகளுக்குப் போனோம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனிக் குழு, தனித்தனிக் காத்திருப்பு. போன இடமெல்லாம் நாங்களும் ஒரு சங்கம், இன்ன இன்ன விதிகள் எங்களுக்கும் தெரியும் என்று சொன்னோம். அப்படிச் சொன்னதும் கதிரை தந்தார்கள், நிதானமாகக் கேட்டார்கள். பல இடங்களில் இல்லை என்றார்கள். அண்ணை ஒரு இடத்துக்கு நான்கு முறை போனார். வசந்தத்தில், நகரின் கிழக்கே ஒரு கூட்டுறவில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற நிலத்தள வீடு ஒன்று காலியானது. அது சிவம் அண்ணைக்குக் கிடைத்தது. மற்ற ஒன்பது குடும்பங்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. காலப்போக்கில் சிலர் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கினார்கள். நாங்கள் இன்னும் ஆறு வருடம் அந்த மாடியிலேயே இருந்தோம்.

வருடம் முடிந்ததும் சங்கத்தைக் கலைக்கக் கூடினோம், தவமக்காவின் புதிய குடியிருப்பின் பொது அறையில். கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டவர் சிவம் அண்ணை. அதற்கு முன் அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் அவர் படுக்கையறையில்தான் இருப்பார். பிரேரணையைப் பூபாலன் அண்ணையே கொண்டுவந்தார். இந்த முறை எல்லாக் கைகளும் எழுந்தன.

ஆகவே, கேட்ட வாசகிக்கு: கட்டாயம் போங்கள். படித்த எதையும் நாங்கள் படித்த காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் அன்று மத்தியானமே ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம். சாப்பாடு கொண்டுபோங்கள், ஏரிக்கரையில் விலை அதிகம். யூனியனிலிருந்து நடக்கும்போது ஏரிக்காற்று அடிக்கும், யூலையிலும் ஒரு மேலுடுப்பு வேண்டும். துப்புரவு செய்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், தலைவராக இருக்கலாம். கேள்வியைத் தமிழில் கேட்க வெட்கப்படாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, வெளியாளாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சங்கத்து ஆளை அந்த வேலையில் விடவேண்டாம். அன்று பத்தாவது குடும்பம் என்னுடையது. மற்ற ஒன்பது பேருக்கும் செய்தி சொல்லி, கூட்டம் நடத்தி, முடிவு அறிவித்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் கணவர் வகுப்பு எப்படி என்று கேட்டார். அப்போதுதான் அது என்னுடைய வீடும் என்பது எனக்கு விளங்கியது.