தோளில் அரை இஞ்ச்

மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் டெய்லர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அளப்பார். தோளுக்கு வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் எண்ணைக் குறித்து, எந்தத் தோள் இறக்கமோ அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைப்பார். தைக்கும்போது அந்தத் தோளுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து நிமிர்த்திவிடுவார். ஒருமுறை வாத்தியார் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டெய்லர், ரகசியமா எழுதுறீங்க?"

"உங்க அழகைத்தான் சார். சத்தமா சொன்னா கண்ணு பட்டுடும்."

டெய்லருக்கே இடத்தோள் அரை இஞ்ச் இறக்கம். பிறவியிலேயே முதுகெலும்பில் லேசான வளைவு. தன் சட்டை ஒவ்வொன்றிலும் இடத்தோளுக்குள் பஞ்சு வைத்து வெளியே தெரியாமல் தைத்துக்கொள்வார். கல்யாணமாகி நாலாம் மாதம், துணி துவைக்கும்போது மனைவி கண்டுபிடித்தார். வேறு யாருக்கும் தெரியாது. தன் கோணலை மறைக்கப் பழகியவர் பிறர் கோணலை மறைக்கிறாரா, இல்லை தொழில்தான் அவர் உடம்பில் ஒட்டிக்கொண்டதா என்று நாம் யோசிக்கலாம். அவர் யோசித்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன் சிக்னலில் நின்றிருந்த அவர் ஸ்கூட்டரை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்தது. இடப்பக்கமாக விழுந்தார். எலும்பு தப்பியது; தோள் நரம்பு போயிற்று. தோள் இன்னும் சரிந்தது, கை மேலே எழவில்லை. ஒற்றைக் கையால் மிஷினில் துணி ஓட்ட முடியாது. பட்டன், ஹெம்மிங் என்று மனைவிதான் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். நஷ்டஈடு கேட்டதற்கு வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியோ, என்றைக்கோ முதுகுவலிக்கு எடுத்த எக்ஸ்ரேயைத் தேடிப் பிடித்து, வளைவும் பழசு, இறக்கமும் பழசு என்று எழுதிவிட்டது. உடம்பில் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் தையல் தெரிவதில்லை.

"முன்னாடி எவ்ளோ இறங்கியிருந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்று டெய்லருக்காக வாதாடும் வக்கீல் கேட்டார்.

"இல்ல."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் போட்டார். விபத்தன்று ஆஸ்பத்திரியில் வெட்டிக் கழற்றிய சட்டை. வாய் ஒட்டி, தேதிச் சீட்டோடு கொடுத்தது அப்படியே இருந்தது.

"இதென்னங்க?"

"அழுக்குத் துணி. உள்ள வை."

"ஊர்ல இருக்கிற தோளையெல்லாம் நிமுத்திவிட்டீங்க. இப்ப கையே போயிடுச்சு, வெக்கத்தப் பாத்துட்டு உக்காந்திருங்க."

"நாலு பேர் முன்னாடி பஞ்சப் பிரிச்சுக் காட்டச் சொல்றியா?"

"உங்களால முடியலன்னா நான் காட்டுறேன்."

சமரசப் பேச்சு கம்பெனி அலுவலகத்தில் நடந்தது. கம்பெனி டாக்டர் நுழையும்போதே அவருக்கு வலத்தோள் கால் இஞ்ச் இறக்கம் என்று டெய்லர் பார்த்துவிட்டார். சொல்லவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "எல்லாம் பழைய சரக்கு. வேன் மேல பழி போடுறாங்க" என்றார்.

மனைவி கைப்பையிலிருந்து அந்தப் பையை எடுத்து மேஜையில் வைத்தார். டெய்லர் அதை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"தேதிய நீங்களே படிச்சுக்குங்க சார்."

பிறகு பையைக் கிழித்தார். சட்டையை இட முழங்கைக்கு அடியில் அழுத்திக்கொண்டு, மனைவி எடுத்துக் கொடுத்த கத்திரியின் முனையால் தோள் தையலைப் பிரித்தார். பஞ்சுத் திண்டு வெளியே வந்தது. பக்கத்தில் டேப்பை நிறுத்தினார். அரை இஞ்ச்.

"இது என்னோடது சார். பொறந்ததிலேருந்து என்னோடது. இதுக்கு நான் எதுவும் கேக்கல. இத கழிச்சுட்டு மிச்சத்த அளங்க."

டேப்பை டாக்டரிடம் நீட்டினார். வலக்கையால் தான் போட்டிருந்த சட்டையின் பட்டன்களைக் கழற்றி, அதை நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு முதுகைக் காட்டி நின்றார்.

டாக்டர் அளந்தார். இன்னொரு முறை அளந்தார். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார்.

டெய்லர் திரும்பவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.