நூற்று முப்பதுக்கு எண்பது

மருத்துவக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகள் பாடம் எடுத்த பிறகு, பாடம் எடுப்பது எப்படி என்று எனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது கட்டாயம். வகுப்புகளில் உட்கார்ந்து முடித்துவிட்டேன். மிச்சமிருந்தது ஒன்றுதான். நான் வழக்கமாகக் கற்பிக்கும் இடத்துக்கே ஒருவர் வந்து, கூடவே இருந்து கவனித்து, படிவம் நிரப்பித் தருவார். என்னைக் கவனிக்க வந்தவர் ஒரு காலத்தில் என்னிடமே படித்த மாணவி. இப்போது வேறு துறையில் உதவிப் பேராசிரியர். அவர் கையில் இருந்த படிவம் காலையிலிருந்தே என் கண்ணை உறுத்தியது.

நான் சமூக மருத்துவத் துறை. வாரம் ஒருநாள் பயிற்சி மருத்துவர்களோடு பழவேற்காட்டிலிருந்து படகேறி, ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்குப் போய் முகாம் நடத்துவேன். அன்று என்னோடு வந்தது ஒரே ஒரு பயிற்சி மருத்துவர்தான். அதிகம் பேசாத பெண்.

முதலில் வந்தவர் கடலுக்குப் போகிற ஒரு பெரியவர். அவருக்கு ரத்த அழுத்தம் நூற்று எழுபது என்றாள் அந்தப் பெண். எனக்குச் சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தால், வலை இழுத்து முறுக்கேறிய அந்தக் கையில் கருவியின் சின்னப் பட்டையைச் சுற்றியிருந்தாள். பட்டை சிறிதானால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டையை மாட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பதுதான்.

"இந்தக் கைக்கு இந்தப் பட்டை போதுமான்னு இவரையே கேட்டிருந்தா இவரே சொல்லியிருப்பாரு. நீயெல்லாம் டாக்டரா?" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கற்பித்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். அப்படிப் பட்டால்தான் மறக்காது என்று நம்பியிருந்தேன். என் முன்னாள் மாணவி படிவத்தில் ஏதோ எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கர்ப்பிணி வந்தாள். தலைப்பிரசவம், எட்டாவது மாதம். பயிற்சி மருத்துவர் அவளைப் பரிசோதித்தாள். அழுத்தம் எவ்வளவு என்று என் இடத்திலிருந்தே கேட்டேன். அவள் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நூத்தி முப்பதுக்கு எண்பது சார்."

சீட்டிலும் அதையே எழுதினாள். நான் கர்ப்பகால ரத்தசோகை பற்றி வரிசையாகக் கேள்விகள் கேட்டேன். உண்மையைச் சொன்னால், கேள்விகள் அவளுக்காக இல்லை, படிவத்துக்காக. காலில் வீக்கம் தெரிந்தது. நாள் முழுக்க நின்றபடி இறால் பிரிப்பதால் இருக்கும் என்றாள் கர்ப்பிணி. நானும் ஆமாம் என்றேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மதியத்துக்குள் முகாம் முடிந்தது. கிளம்பும் முன் பயிற்சி மருத்துவரிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார் என் முன்னாள் மாணவி. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னைக்குச் சொல்லணும்னு நினைச்சும் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?"

பயிற்சி மருத்துவர் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அந்த கர்ப்பிணிக்கு நூத்தி அறுபதுக்கு நூத்திப் பத்து இருந்தது மேடம். ரெண்டு தடவை பார்த்தேன். முதல்ல ஒண்ணு தப்பாயிடுச்சு. இதுவும் தப்பா இருந்தா சார்..."

எனக்கு முதலில் வந்தது கோபம். பொய்யாக ஒரு எண்ணை எழுதுவாயா என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அடுத்த நொடி அந்தக் கால் வீக்கம் நினைவுக்கு வந்தது. வீடு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

மூவரும் கிட்டத்தட்ட ஓடினோம். கர்ப்பிணி பாயில் படுத்திருந்தாள். முகாமிலிருந்து வந்ததுமே தலைவலி அதிகமாகிவிட்டதாம். கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றாள். புருஷன் கடலில் இருந்தான். அவளைப் பார்க்கத் தோணிரேவு ஊரிலிருந்து படகில் வந்திருந்த அவள் அப்பாதான் பக்கத்தில் இருந்தார்.

கருவியை நான் எடுக்கப் போனேன். பிறகு பயிற்சி மருத்துவரிடமே கொடுத்தேன்.

"நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து சார்."

பையிலிருந்த, அழுத்தம் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்து, கரைக்கு ஆம்புலன்ஸ் வரச் சொல்லி போன் செய்தேன். அழுத்தம் இவ்வளவு ஏறினால் கர்ப்பிணிக்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கும் ஊசி எங்களிடம் இல்லை. அது அக்கரை ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருந்தது. அப்பாவின் படகில் அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம்.

ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த சமயம். பாதி வழியில் படகு சேற்றில் தட்டி நின்றது. அப்பா குதித்துத் தள்ளினார். நானும் என் முன்னாள் மாணவியும் இறங்கினோம். சேறு முழங்கால்வரை இழுத்தது. படகு ஒரு முழம் நகரும், மறுபடி நிற்கும்.

"நைனா, ஒரு மாதிரியாக்குது," என்றாள் கர்ப்பிணி.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். படகிலிருந்து பயிற்சி மருத்துவர் குரல் கொடுத்தாள். "ஐயா, நிக்காதீங்க, தள்ளுங்க. சார், நீங்க மேல வாங்க. வலிப்பு வந்தா நான் இவங்களைப் புரட்டிப் பிடிச்சுக்கறேன். நீங்க மூச்சை மட்டும் பாருங்க."

சரி என்று ஏறி, அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் கர்ப்பிணியோடு பேச்சை நிறுத்தவே இல்லை. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கரை சேரும்வரை வலிப்பு வரவில்லை. சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஏறும் முன் அப்பா என்னிடம் வந்தார்.

"காலையில நல்லாக்குதுன்னு சொன்னீங்களாமே சார். அதுக்குள்ள இன்னா ஆச்சு?"

"காலையிலேயே அதிகமாத்தான் இருந்தது. நான் கவனிக்கலை. தப்பு என்னுதுதான்," என்றேன்.

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். எடை குறைவு. சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தாயையும் குழந்தையையும் நலமாக அனுப்பினார்கள்.

படிவம் என் கைக்கு வந்தபோது அதில் ஏரியோ படகோ இல்லை. முகாமில் நடந்தது மட்டும் இருந்தது. 'மாணவி தவறு செய்தபோது ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார்' என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பயிற்சி மருத்துவரை அறைக்கு அழைத்தேன். பார்க்காத எண்ணை எழுதியது பெரிய தவறு என்றேன். அப்படி எழுத வைத்தவன் நான் என்றும், அதற்காக வருந்துகிறேன் என்றும் சொன்னேன். முன்தினம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள்தான்.

அவள் தலையாட்டினாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"அன்னைக்கு மேடம் கேக்கலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன் சார்," என்றாள்.

தெரியும் என்றேன். அவள் போன பிறகும் அடுத்த வகுப்புக்கு எழுந்து போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.