நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு

சுண்டுவிரல் பருமனுள்ள இரும்புக் கம்பி ஒன்று மூன்று லாரிகளின் பாரத்தைத் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பத்தொன்பது தடவை. பச்சை மையில், தேதியோடு.

ஹைதராபாத்தின் ஓரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளறிவியல் அறிமுகம் நடத்துகிறேன். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் பிரிவு. "இதி மாகெந்துக்கு மேடம்?" என்று வாரத்துக்கு ஒருவராவது தெலுங்கில் கேட்டுவிடுவார்கள். இது எங்களுக்கு எதற்கு என்று அர்த்தம். கையில் வைத்திருக்கும் போன் எதனால் ஆனது என்று திருப்பிக் கேட்டால் கம்பெனி பெயரைச் சொல்வார்கள்.

பாடத்தில் ஒரு சோதனை உண்டு. கம்பியை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, அறும்வரை இழுக்க வேண்டும். எவ்வளவு விசையில் அறுந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் இயந்திரம் எண்ணெய் கசிந்து இரண்டு வருஷமாக ஓடவில்லை. ஆனால் சோதனை மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது, நோட்டுகளில். பழைய கையேட்டில் யாரோ எழுதி வைத்த எண் நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு கிலோநியூட்டன். எல்லா நோட்டிலும் அதே எண். எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆளுக்கொரு நோட்டாக அறுபதைத் திறந்து, அறுபதிலும் அதே எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை என்று ஆகிவிட்டிருந்தது.

ஒருநாள் மதிய இடைவேளையில் முதல் பெஞ்சுப் பெண் வந்து நின்றாள். வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான், ஆனால் என்னிடம் எப்போதும் ஆங்கிலம். அன்றைக்குத் தமிழில் பேசினாள், பக்கத்து மேசைக்குப் புரிந்துவிடக் கூடாது என்று.

"மேடம், நான் பாயின்ட் போட மறந்துட்டேன். நானூத்தி எண்பத்திரண்டுன்னு எழுதிட்டேன். நீங்க சைன் பண்ணிட்டீங்க."

"சரி, கொண்டா, திருத்திடலாம்."

"இல்ல மேடம், என்னைப் பாத்து இன்னும் பதினெட்டு பேர் எழுதிட்டாங்க. அவங்களுக்கும் சைன் பண்ணிட்டீங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவும் அவள் மேல். பதினெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட எண் இடிக்கவில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். எனக்கே இடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேராக ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற உதவியாளர் ரயில்வே பணிமனைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் தமிழில் உருது தானாக வந்து விழும்.

"அண்ணே, இந்த மெஷினுக்கு என்னதான் வியாதி?"

"ஆயில் சீல் போயிருச்சு மேடம். ஒரு ரப்பர் வளையம், அவ்ளோதான்."

"அவ்வளவுதானா? ஆபீஸுக்கு எழுதலையா?"

"ஹவ் மேடம், எழுதினோமே. ஏழு லெட்டர். மூணு கொட்டேஷன் கேட்டாங்க, குடுத்தோம். அப்பறம் பழைய சீலை ஒப்படைக்கச் சொன்னாங்க. அதைக் கழட்டினா மெஷின் பிரிச்சுக் கெடக்கும், இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க, நக்கோன்னுட்டாரு பெரியவரு."

நக்கோ என்றால் வேண்டாம், பெரியவர் என்றால் துறைத்தலைவர். ஓடாத இயந்திரம் பிரிந்து கிடக்கக் கூடாது, முழுசாக நின்றுகொண்டு ஓடாமல் இருக்கலாம். ஒரு ரப்பர் வளையத்துக்காக ஏழு கடிதம் எழுதிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பொருள்களின் தாங்குதிறனைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஆயில் சீல் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "சாம்பிள் எங்கே?" நாங்கள் கொண்டு போகவில்லை. அளவைக் கையால் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டங்கள் எல்லாம் உதிர்ந்தன. திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் இயந்திரத்தைப் பிரித்து, கிழிந்த வளையத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அலமாரியிலிருந்து அதே போல ஒன்றை எடுத்துக் கொடுக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் வகுப்பையே ஆய்வகத்துக்கு இறக்கினேன். பாதிப் பேர் போனில் படம் எடுக்க வந்தவர்கள். உதவியாளர் கம்பியை மாட்டி எண்ணெய்ப் பம்பை ஓட்டினார். விசைமானியின் முள் ஏறியது, ஓரிடத்தில் தயங்கி நின்றது, மறுபடி ஏறியது. பிறகு முள் மெல்ல இறங்கத் தொடங்க, கம்பியின் நடுவில் ஓரிடம் இடுப்பு போல ஒடுங்கியது. பின்வரிசையில் பேச்சு நின்றது. படாரென்று அறுந்தபோது நாலைந்து பேர் பின்னால் குதித்தார்கள். அறுந்த முனையைத் தொட்ட ஒருவன், "சுடுது மேடம்!" என்று கத்தினான். ஆறு மாதத்தில் என் பாடத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

எட்டிய உச்சம் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு.

"தப்பு வச்சிந்தி மேடம்." தப்பாக வந்துவிட்டதாம். கையேட்டைத் திறந்து காட்டினார்கள்.

"இதுதான் வந்தது. இதை எழுதுங்கள்."

"நாற்பத்தெட்டு புள்ளி இரண்டுன்னே எழுதிக்கலாமா மேடம்? அதான் கரெக்ட் ஆன்சர்."

எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. கண்ணெதிரே அறுந்த கம்பி பொய், காகிதத்தில் இருப்பது நிஜம்! இரண்டாவது கம்பியையும் மாட்டச் சொன்னேன். அது நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று. இப்போது அவர்களுக்கு இன்னும் கலக்கம். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு கம்பிகள் எப்படி வேறு வேறு எண் சொல்லலாம்?

புள்ளியை மறந்த அந்தப் பெண் மட்டும் மேசைப்பக்கம் போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து, இன்னும் இழுக்காத ஒரு கம்பியின் விட்டத்தை அளந்தாள். மறுபடி அளந்தாள். "பன்னிரண்டு மில்லிமீட்டர் இல்ல மேடம். பதினொன்று புள்ளி நாலுதான் இருக்கு."

கையேடு பன்னிரண்டு என்றது. நாங்கள் யாரும் அளக்கவில்லை, நானும்தான். விசையைச் சரியான பரப்பால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். சதுர மில்லிமீட்டருக்கு நானூற்றுப் பதினேழு நியூட்டன் வந்தது. அடுத்த கம்பிக்கு நானூற்று இருபத்திரண்டு. கையேட்டின் கணக்கு நானூற்று இருபத்தாறு. கம்பி மெலிந்திருந்தது, இரும்பில் பெரிய குறை இல்லை. கம்பி வேறு, கம்பியின் பொருள் வேறு என்று மூன்று வாரம் கரும்பலகையில் மாய்ந்து மாய்ந்து சொன்னதை அவள் ஒரு வெர்னியரால் சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பழைய எண்ணை அடிக்கச் சொல்லி, அந்த எண்களைத்தான் நோட்டுகளில் எழுத வைத்தேன். மறுநாளே துறைத்தலைவர் கூப்பிட்டார். ஆய்வுக்குழு வரப்போகிறது, நோட்டுகளில் ஏன் புது எண்?

"சார், இந்தத் தடவை நிஜமாவே சோதனை செஞ்சோம்."

"அது சரிம்மா. ஆனா போன வருஷ நோட்டுல நாற்பத்தெட்டு, இந்த வருஷம் நாற்பத்திரண்டு. மெஷின் ரிப்பேர்னு நினைப்பாங்களே?"

"மெஷின் ரிப்பேரா இருந்தது போன வருஷம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரையும் திரும்ப எழுதச் சொல்ல முடியுமா என்று கேட்டார். எழுதச் சொல்லுங்கள், ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பத்தொன்பது கையெழுத்து ஏற்கனவே போட்டவள் இதைச் சொல்வதில் எவ்வளவு தகுதி இருக்கிறது என்று எனக்கே தெரியும். கடைசியில் திரும்ப எழுத நேரம் இல்லை என்பதால்தான் அந்த எண்கள் பிழைத்தன, என் வீரத்தால் அல்ல.

குழு வந்தது. மூன்று பேர். ஆய்வகத்தில் பதினைந்து நிமிஷம் இருந்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள். நோட்டுகளின் அட்டை ஒரே நிறத்தில் இருக்கிறதா, முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். உள்ளே ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. உதவியாளர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார், ஓட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை.

"கைக்கு இவ்ளோ பாடு பட்டோம் மேடம்?" என்றார் அவர்கள் போனபின். கைக்கு என்றால் உருதுவில் எதற்கு. எதற்கு என்றுதான் எனக்கும் தெரியவில்லை.

அடுத்த பருவத்துக்கான அட்டவணை வந்தபோது என் பெயருக்கு நேரே சுற்றுச்சூழல் பாடம் இருந்தது. போய்ச் சண்டை போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு பிரிவுக்குப் பொருளறிவியலைத் திருப்பிக் கொடுத்தார்கள், வேறு யாரும் கேட்கவில்லையாம். புதுப் பிரிவின் முதல் நாள், போர்டில் தலைப்பை எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து கேட்டுவிட்டான் ஒருவன், இது எங்களுக்கு எதற்கு என்று. சாக்பீஸை வைத்துவிட்டு, எழுந்து ஆய்வகத்துக்கு நடங்கள் என்றேன்.