சொல்லுக்கு முன்னால் நிற்கும் அடியாட்கள்

உதவித்தொகை அலுவலகத்துக் கடிதம் எதுவானாலும், கிளெனிஸ் தாக்ரே வாசிப்பதற்கு முன் சிவப்புப் பேனாவோடுதான் அதில் இறங்குவார். ஆங்கிலச் சொற்களின் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'அன்', 'டிஸ்', 'ரீ' எல்லாவற்றையும் தாள் கிழிகிற அழுத்தத்தில் சுழிப்பார். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர் நூலகத்தில் செவ்வாய்தோறும் ஹீட்டர் ஓரத்து மேசை அவருடையது; கடிதம் புரியாமல் வருகிறவர்களுக்காக அங்கே உட்கார்ந்திருப்பார். வயது அறுபத்து மூன்று. மீன் ஆலையில் முப்பது வருடம் தொழிற்சங்கத்துக்காகக் கத்திய தொண்டை, நூலகம் என்பதற்காகவெல்லாம் இறங்காது.

"ஏபிள்னா முடியும். முன்னால 'அன்' வந்துட்டா முடியாது. அவன் நேரா வந்து அடிக்கிற ரவுடி, அவனையாவது நம்பலாம். 'டிஸ்' இருக்கானே, குடுத்துட்டுப் பிடுங்குறவன். எல்லாரையும் விட 'ரீ'தான் அயோக்கியன். ரீகன்சிடர்னா என்ன? அதே ஆளு அதே காகிதத்த மறுபடி பாத்துட்டு அதையே சொல்றது."

தேடித் தேடியும் அவருக்குக் கிடைக்காதது 'மிஸ்'. தவறாகச் செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவர்கள் விஷயத்தில் அதைத் தாராளமாக வைக்கிற அலுவலகம், தன் விஷயத்தில் ஒருமுறைகூட வைத்ததில்லை. "தப்பே பண்ணாத தெய்வப் பிறவிங்க," என்று பல்லைக் கடிப்பார்.

போன செவ்வாய் வில்ஃப் டனேஜ் வந்தார். மீனுக்குப் புகை போடும் கூடத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவர் மூச்சு பக்கத்து மேசைக்குக் கேட்கும். நோயாளி என்று அவருக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். மறுபரிசீலனைக் கடிதத்தில், இருநூறு மீட்டர் நடக்க 'ஏபிள்' என்று இருந்தது. முன்னால் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் 'அன்' இல்லையே என்று கிளெனிஸுக்கு வயிறு எரிந்தது.

"விடு கிளெனிஸ்," என்றார் வில்ஃப், இரண்டு மூச்சுக்கு நடுவில். "அவங்க சொன்னா... சொன்னதுதான்."

"சும்மா இருய்யா. வாடகைக்கு எவன்கிட்ட போய் நிப்ப?"

அலுவலகத்துக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் காத்திருக்க வைத்து வயலின் வாசித்துக் காட்டிவிட்டு ஓர் இளங்குரல் வந்தது. "நடக்க முடியும்னுதான் எங்க பதிவுல இருக்கு மேடம். புதுசா ஏதாவது ஆதாரம் இருக்குதா?"

"இருக்கு," என்றார் கிளெனிஸ். கத்தவில்லை.

வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதே என்று ஒரு விரலை உயர்த்திவிட்டு, கிளெனிஸ் எழுந்து போய் அவருடைய கோட்டை விலக்கி, போனை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.