கன்னையாவின் ஆடாத லென்ஸ்

நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'கன்னையா கலர் ஸ்டூடியோ' என்று தெலுங்கில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் எழுதிய போர்டு தொங்கும். அதற்கு அடுத்த கதவு என் நெட் சென்டர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அமெரிக்கா, சிங்கப்பூர், பெங்களூர் என்று கிளம்பிப் போய்விட்ட காலம் அது. அவர்கள் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காக அப்பா அம்மாமார்கள் என்னிடம் வந்து காத்துக் கிடப்பார்கள். யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, முன் அளவுக்கு இல்லை.

கன்னையா ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமத்துக்காரர். சொந்தமாகக் காணி நிலம் இல்லாத குடும்பம். சித்தூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டு, கலர் பிலிம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் நகரியில் சொந்தக் கடை போட்டார். புத்தூர், சத்தியவேடு வரைக்கும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் அவர்தான். அவர் போட்டோ எடுப்பது ஒரு சடங்கு போலவே இருக்கும். கிட்டே வந்து தாத்தாக்களின் தாடையைப் பிடித்து நேராக்குவார், முந்தானையைச் சரிசெய்யச் சொல்வார், நாலடி பின்னால் போவார். "மூச்சப் புடிங்க, அசையாதீங்க" என்பார். தெலுங்குக்காரர்கள் கூட்டத்தில் இருந்தால் "ஊப்பிரி பட்டண்டி, கதலகண்டி" என்று அதையே இன்னொரு முறை. மொத்தக் குடும்பமும் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். அவர் நாலைந்து தரம் அழுத்திவிட்டு "ஆச்சு" என்பார். அந்த 'ஆச்சு' வரும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் மூச்சு விட்டதில்லை, கைக்குழந்தைகள் தவிர.

தன் குரலுக்கு ஜனங்கள் இப்படிக் கட்டுப்படுகிறார்கள் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. போலீஸ் சொன்னாக்கூட இப்படி நிற்க மாட்டார்கள் என்பார்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. எப்போது ஆரம்பித்ததென்று அவருக்கே தெரியாது. டாக்டர், இது வியாதி இல்லை, சிலருக்கு வயதானால் வரும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். போட்டோகிராபருக்குக் கைதான் உயிர் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? விஷயம் வெளியே போனால் ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள் என்று கன்னையா பயந்தார். அதனால் எதிர்க்கடை சின்னசாமியிடம் டீ குடிக்க வெளியே வருவதை நிறுத்திவிட்டார். டீ ஸ்டூடியோவுக்குள் வரும். படம் எடுக்கும் திரைக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடிப்பார். குடித்துவிட்டு வந்து, சின்னசாமி தனக்கு மட்டும் முக்கால் கிளாஸ்தான் ஊற்றுகிறான், ஏமாற்றுக்காரன் என்று என்னிடம் திட்டுவார். திரைக்குப் பின்னால் ஒருநாள் எதேச்சையாக எட்டிப் பார்த்ததில் எனக்குக் கை விஷயம் தெரிந்துபோனது. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்தேன்.

பிளாஷ் இருக்கிறவரை பிழைப்பு ஓடியது. பளீரென்று வெளிச்சம் அடித்தால் கை ஆடினது படத்தில் தெரியாது. அந்தப் பிளாஷுக்குத்தான் தேவயானி வேட்டு வைத்தாள்.

தேவயானி, ரத்னம்மாவின் மகள். ரத்னம்மா குடும்பம் புத்தூர் பக்கம் மாந்தோப்பும் நிலமும் உள்ள பெரிய குடும்பம். அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாமே கன்னையா கையால் ஆல்பம் ஆனவை. தேவயானி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். கல்யாணம் திருப்பதியில், அலிபிரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நிச்சயமாயிற்று. அவளிடமிருந்து என் கடைக்கு மெயில் வந்தது: பிளாஷ் வேண்டாம், முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது. யாரையும் நிற்க வைக்க வேண்டாம், எல்லாரும் இயல்பாக இருக்கும்போது தெரியாமல் எடுக்க வேண்டும். அங்கிள் அப்படி எடுப்பாரா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா?

நான் படித்துச் சொன்னதும் கன்னையா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ரத்னம்மா வீட்டுக் கல்யாணம் கைவிட்டுப் போனால் அவர்களுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போவார்கள். பிளாஷ் இல்லாமல் எடுத்தால் கை ஆடுவது படத்தில் தெரிந்துவிடும். ஒப்புக்கொள்வதாக எழுதச் சொன்னார். பிறகு, "இந்த ஆடாத லென்சுன்றாங்களே, அது இன்னான்னு பாரு" என்றார்.

வெளியில் சொல்வதற்கு அவரிடம் வேறு காரணம் தயாராக இருந்தது. அதுவும் பொய்யில்லை. கிட்டத்தில் எடுக்க ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு லென்ஸ் வைத்திருந்தார். ஒரு கல்யாணத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தபோதே தாலி கட்டி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மறுபடியும் பெண் கழுத்தின் மேல் கையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் மஞ்சள் அரிசி கொட்டும் தலம்ப்ராலு நடக்கும்போது லென்ஸ் மாற்றப் போய், திறந்திருந்த டிஜிட்டல் கேமராவுக்குள் மஞ்சள் தூள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு கறை. அது யார் கன்னத்தில் விழுகிறதோ அவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

ஆகவே கழற்றவே வேண்டாத ஒரே லென்ஸ், அதுவும் நடுக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் லென்ஸ். இரண்டு பேரும் வாரக்கணக்கில் தேடினோம். பதினெட்டு மில்லிமீட்டரில் தொடங்கி இருநூறில் முடிகிற ஒரு சாதி இருந்தது. பதினெட்டில் வைத்தால் பந்தி முழுவதும் விழும். இருநூறுக்குத் திருகினால் கடைசி இலையில் இருக்கும் அப்பளம் மட்டும் விழும். ஆனால் அதைப் பற்றி நெட்டில் எழுதியவர்கள் யாரும் அப்பளத்தை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுச் செங்கல் சுவரையே பதினெட்டிலிருந்து இருநூறு வரை எடுத்துப் போட்டு, ஓரத்துச் செங்கல் தெளிவாக இல்லை என்று துக்கப்பட்டிருந்தார். இன்னொருவர் பூனையை எடுத்திருந்தார். இவங்க வீட்டில் கல்யாணம் காட்சியே நடக்காதா என்று கன்னையா கேட்டார். இந்த லென்ஸில் நேரான கோடு ஓரத்தில் வளைகிறது என்று எல்லாரும் ஒரே குரலில் எச்சரித்திருந்தார்கள். மண்டபத்துத் தூண் வளைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, மாப்பிள்ளை வளையாமல் இருந்தால் போதும் என்று அந்த எச்சரிக்கையை அவர் தள்ளிவிட்டார். கை நடுக்கம் சரியாகுமே தவிர, எதிரில் நிற்பவர் அசைந்தால் லென்ஸ் ஒன்றும் செய்யாது என்றும் எழுதியிருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தார். எதிரில் நிற்பவர்களை அசையாமல் நிறுத்துவதற்குத்தான் அவர் இருக்கிறாரே.

நேரில் பார்த்துவிடலாம் என்று திருப்பதியில் ஒரு கடைக்குப் போனோம். கன்னையா அதை மாட்டி, தூரத்தில் மலை மேல் தெரிந்த ஒரு கம்பத்தைப் பார்த்தார். கண்ணுக்குள் கிடந்து ஆடிய கம்பம், பொத்தானைப் பாதி அழுத்தியதும் சட்டென்று நின்றது. அவர் கேமராவை இறக்கவே இல்லை. கடைப்பையன் உற்சாகமாகி, கை நடுங்குகிற பெரியவர்களுக்கென்றே செய்தது சார் இது என்று தெலுங்கில் சொல்லிவிட்டான். கன்னையா லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பஸ்ஸில் வடமாலப்பேட்டை தாண்டியதும், கடையில் வாங்கினால் ஊரெல்லாம் பேசும், தேவயானியையே அங்கிருந்து வாங்கி வரச் சொல், கூலியில் கழித்துக்கொள்ளட்டும் என்றார்.

அவள் ஆபீஸில் போட்டோ பைத்தியம் ஒருவன் இருந்தானாம். அந்த லென்ஸ் எல்லா வேலையையும் அரைகுறையாகச் செய்யும், தனித்தனியாக இரண்டு வாங்கச் சொல்லுங்கள் என்று அவன் சொன்னதை அவள் எழுதினாள். கன்னையா யோசித்து எனக்குப் பதில் சொல்லித் தந்தார்: எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்கிற ஊர் இது. கல்யாணப் பெண் தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் போட்டோகிராபருக்கு லென்ஸ் சுற்றி எடுத்துவந்தது எங்கள் ஜில்லாவில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். படங்களை அன்றைக்கே நெட்டில் ஏற்றி, வர முடியாத சொந்தங்களுக்குக் காட்டுவது என் பொறுப்பு. விடிகாலை முகூர்த்தம். கன்னையா மேடைக்கு எதிரில் ஒரு தூண் ஓரமாக நின்றுவிட்டார். யாரையும் தொடவில்லை, யார் தாடையையும் திருப்பவில்லை, வாய் திறக்கவில்லை. தூரத்திலிருந்தே திருகித் திருகி எடுத்தார். தாலி கட்டியது, தலம்ப்ராலு, ரத்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது எல்லாம் ஒரு ஆட்டம் இல்லாமல் வந்திருந்தது. இடையில் என்னைக் கூப்பிட்டுக் கேமராவின் திரையில் காட்டினார். இருபது வயது பையனைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. தூரத்தில் நிற்பதால் கையை யாரும் பார்க்கவும் முடியாது. நல்ல லென்ஸைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று நானும் பூரித்துப் போனேன்.

பந்தி முடிந்ததும் வினை வந்தது. ரத்னம்மா வீட்டுச் சொந்தம் மொத்தமும் வாயில் வெற்றிலையோடு மேடைப் பக்கம் வந்து நின்றது. எங்களை எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். எல்லாரையும் எடுத்தாயிற்று என்று கன்னையா கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஒரு மாமா அதில் சாம்பார் சோறு பிசைந்துகொண்டிருந்தார். ஒரு சித்தி கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இது நான் துன்னுக்கினு கீறது. போட்டோ எங்க?" என்று மாமா கேட்டார்.

இதுதான் இப்போது பேஷன், பொண்ணே கேட்டது என்று கன்னையா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீ 'ஆச்சு' சொல்லவே இல்லையே, அப்புறம் எப்படி எடுத்ததாகும் என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரத்னம்மா வந்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிற மாதிரிதான் சொன்னாள்.

"நீ சொல்லாமே எடுத்தா எப்டிண்ணா நல்லா விழும்? உன் கைதான் ஆடுதே. நாங்க மூச்சப் புடிச்சினு நின்னாத்தானே ஒண்ணாவது நிக்கும்? இத்தினி வருசமா அப்டித்தானே நிக்கிறோம்."

சுற்றி நின்றவர்கள் முகங்களைப் பார்த்தேன். ஒருவரும் திடுக்கிடவில்லை. மாமா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். சித்தி தன் பேத்தியின் பாவாடையை இழுத்துவிட்டாள். ஊரறிந்த சங்கதியை யாரோ பேச்சுவாக்கில் சொன்னதுபோலத்தான் எல்லாரும் நின்றார்கள். நடுங்குவது கேமரா பிடித்த கை. எதிரில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்து என்ன ஆகப் போகிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கன்னையா லென்ஸைக் குனிந்து பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடைக்குக் கிட்டே நடந்தார். மாமாவின் தாடையைப் பிடித்து நேராக்கினார். அவர் விரல்கள் மாமாவின் தாடையில் நடுங்குவதை எல்லாரும் பார்த்தார்கள், மாமா உட்பட. நாலடி பின்னால் வந்து, லென்ஸைப் பதினெட்டுக்குத் திருகினார்.

"மூச்சப் புடிங்க. அசையாதீங்க."

இயல்பாக எடுக்க வேண்டும் என்று மெயில் போட்ட தேவயானிதான் முதலில் மூச்சைப் பிடித்தாள். அமெரிக்க மாப்பிள்ளையும் அவளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். கன்னையா கேமராவைக் கண்ணில் வைத்தபடியே வெகுநேரம் இருந்தார். உள்ளே படம் அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஒரே ஒரு தரம்தான் அழுத்தினார். ஆனால் 'ஆச்சு' சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாமா முகம் சிவந்து, பின்வரிசையில் யாரோ இருமுகிற வரைக்கும் மொத்தக் குடும்பமும் அப்படியே நின்றது.

தூணோரத்திலிருந்து எடுத்தவற்றை தேவயானி நெட்டில் போட்டாள். அவள் சிநேகிதர்கள் யார் இந்த ஆர்ட்டிஸ்ட் என்று கேட்டார்களாம். ரத்னம்மா வீட்டு ஆல்பத்தில் முதல் பக்கம் இருப்பது அந்தக் குரூப் போட்டோதான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஓரத்துத் தூண் வளைந்து, ஆனால் கடைசி மனிதரின் பொட்டு வரை தெளிவாக இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, நாங்கள் எப்படி அசையாமல் நின்றோம் பார் என்று ரத்னம்மா சொல்கிறாள். தேவயானியைத் தவிர, லென்ஸைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கன்னையாவும் சொல்லவில்லை.

திருப்பதியிலிருந்து திரும்பிய வாரமே அவர் டீ குடிக்க வெளியே வந்தார். சின்னசாமி கிளாஸை நீட்டினார். அதே முக்கால் கிளாஸ். வெகுநாளாக மனதில் இருந்த நியாயத்தைக் கேட்டுவிடலாம் என்று, அவருக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று நான் கேட்டேன்.

"முழுசா ஊத்தினா சூடா கைமேல சிந்திடும்ணா. அதான் எப்பவும் கொஞ்சம் கொறைச்சே அனுப்பறது" என்றார் சின்னசாமி, பாலை ஆற்றிக்கொண்டே.

கன்னையா என் பக்கம் திரும்பவில்லை. கிளாஸை ஒரு கையால் வாங்கி, எல்லார் எதிரிலும் நின்று, சிந்தாமல் குடித்தார்.