பழைய ரவிக்கை எடுத்து வரச் சொன்னார்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது ஹெப்பாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். வயிற்றைச் சுருக்கும் ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர்களாக என்னைப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பாதம் மரத்துப் போகிறது என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்த நம்பர் அது. இப்போது அதே நம்பரில் ஒரு பெண் கன்னடமும் தமிழும் கலந்து தேனொழுகப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ரீ கேம்ப் இருக்கு மேடம். நீங்க நம்ம ஸ்டார் பேஷண்ட் அல்லவா? பழைய ரவிக்கை ஒண்ணு எடுத்துட்டு பன்னி, எடுத்துட்டு வாங்க. ஸ்டேஜ்ல பிடிச்சுக் காட்டுனா போதும்."

எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இளைத்த உடம்பு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். காரணம் என் தங்கை. கௌதள்ளியில் இருக்கிறாள், சர்க்கரை, முட்டிவலி, எனக்கு இருந்த அதே பாரம். அதே ஆஸ்பத்திரியில் தானும் செய்துகொள்ளத் தேதி வாங்கியிருந்தாள். அந்த முகாமுக்கும் வருகிறாள்.

கத்தி வைத்ததை நான் குறை சொல்லவில்லை. சர்க்கரை இறங்கியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்கென்ன. நான் மெலிந்திருந்த அந்தச் சில மாதங்களுக்குள் ஓடோடி வந்து போட்டோ எடுத்தார்கள். இடப்பக்கம் குண்டு, வலப்பக்கம் ஒல்லி, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டினார்கள். படம் மாட்டியதும் என்னைக் கை கழுவிவிட்டார்கள். ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை போட வேண்டும் என்பதையே வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் காலில் செருப்பு இருப்பது எனக்கு உறைத்தது.

சாப்பாடுதான் பெரிய பாடு. இட்லியோ சப்பாத்தியோ இரண்டு வாய்க்கு மேல் போனால் குமட்டும். டீயும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எதைச் சாப்பிடுவது என்று கேட்க, டயட்டீஷியனைப் பார்க்கப் போனேன். அன்று தங்கையும் துணைக்கு வந்தாள். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புது ஆள் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றாள். கதவைத் திறந்தும் காட்டினாள். உள்ளே சலைன் பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. யாரும் கூப்பிடவில்லை. இறங்கியதைத் தின்றேன், உடம்பு திரும்பியது.

முகாமுக்கு முதல் நாள் தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆப்பரேஷன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"நீ வாயக் கட்டியிருந்தா ஏனக்கா திரும்ப ஊதப்போவுது?" என்றாள். "நான் கட்டிக்குவேன். ஒரு நாளு ஆளில்லைன்னு ஆசுபத்திரி மேலயே பழியப் போட்டா எப்படி?"

என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார். ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கிறவர்கள் என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்துவிட்டு அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

காலையில் பெட்டியிலிருந்து பழைய ரவிக்கையை எடுத்தேன். நான் இளைக்க இளைக்க மண்டி மொஹல்லாவில் இருக்கும் டெய்லர் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்த ரவிக்கை. பிளேடால் தையலைப் பிரித்தேன். போட்டுப் பார்த்தேன். ஒரு கொக்கிகூட இழுக்காமல் மாட்டியது.

முகாம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள ஹாலில். எனக்கு முன்னால் ஓர் இளைஞன் தன் பழைய பேன்ட்டின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டு நின்று காட்டினான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். போனில் பேசிய பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரவிக்கை எல்லி மேடம், எங்க?"

"போட்டிருக்கேன்" என்றேன்.

மைக் பக்கத்தில் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது. எனக்கு ஆப்பரேஷன் செய்த டாக்டர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வந்தவர்களைப் பார்த்துக் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார்: "எங்கள் வேலை பாதிதான். மீதி பேஷண்ட் கையில் இருக்கிறது. இவர் செக்கப்புக்கு வரவே இல்லை. வராதவர்களுக்கு இப்படித்தான் ஆகும்."

வழியெல்லாம் மனசுக்குள் ஒரு பேச்சைச் சேர்த்துவைத்திருந்தேன்; மைக் அவர் கையில் இருந்தது. ஊரார் முன்னால், கூடப்பிறந்தவள் முன்னால், என்னைத் தின்னிப்பண்டாரமாக நிறுத்திவிட்டார் அந்த மனுஷன்.

முன்வரிசையில் தங்கை எழுந்து நின்றாள்.

"எங்கக்கா வந்துச்சுங்க" என்றாள். "நானுங்கூட வந்தனுங்க. பொழுது எறங்கற வரைக்கும் அந்த ரூமு முன்னால உக்காந்திருந்தோம். உள்ள பொட்டிதான் இருந்துச்சு."

டாக்டருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, சிரித்தார். அவள் விடவில்லை. இந்தத் தடவை கன்னடத்தில், தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "இப்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? கூப்பிடுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன்."

இன்றைக்கு லீவு என்று யாரோ சொன்னார்கள். உடனே பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். பெஞ்ச் அங்கேயேதான் கிடந்தது. கதவு பூட்டியிருந்தது. தங்கை கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தாள். நானும் பார்த்தேன். பெட்டிகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன.

"நீ வாயக் கட்டலைன்னு நானுந்தான் சொன்னேன்" என்றாள்.

"ஆமா, சொன்னே" என்றேன். அவள் மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவள் கீழே இறங்கி, கவுண்டருக்குப் போய், தனக்குக் கொடுத்த தேதியை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டவளிடம் மேலே கையைக் காட்டினாள்.

"அந்த ரூமுல ஆளு வந்தப்பறம் கூப்புடுங்க."